தராசும் தம்புராவும்: நம் பிள்ளைகள் இரண்டையும் படிக்க முடியுமா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, மண்டியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். வழக்கமாக நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடை நண்பர் ஒருவர் வந்தார். பில் போட்டு முடிந்த பிறகும் நகராமல் நின்றுகொண்டே இருந்தார். பாக்கி விஷயமாகத்தான் தயங்குகிறார் போலும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"ஐயா, பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. நமக்கு ஒரே பிள்ளை. பி.பி.ஏ. படிச்சா கடையைப் பாத்துக்குவான்னு நெனச்சேன். அவ பாட்டுக் காலேஜுக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ரெண்டையும் ஒண்ணா படிக்க வழி இருக்குங்களா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு மண்டியில் உட்கார்ந்தவன் நான். எங்கள் காலத்தில் ஒருவன் ஒரு பட்டம் படிப்பதே பெரிய காரியம். ஒரே சமயத்தில் இரண்டு பட்டத்துக்குச் சேர்ந்தால் ஒன்று செல்லாது என்பதுதான் நாங்கள் கேள்விப்பட்டது. ஆனால் நண்பரின் முகத்தைப் பார்த்தபோது, "தெரியாது" என்று அனுப்பிவிட மனம் வரவில்லை. இரண்டு வாரம் கேட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நம் சங்க உறுப்பினர் பலர் வீட்டிலும் இருக்கும்.

முதலில் சட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒரு மாணவர் ஒரே சமயத்தில் இரண்டு படிப்புகளைப் படிக்கலாம். வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால் இரண்டையுமே கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கலாம். அல்லது ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். இரண்டையுமே தொலைநிலையில் படிக்கவும் தடை இல்லை. பி.எச்.டி. ஆராய்ச்சிக்கு மட்டும் இது பொருந்தாது. ஆகவே இசையும் வணிக மேலாண்மையும் சேர்த்துப் படிப்பது இன்று சட்டப்படி சரியான காரியம்.

சட்டம் இடம் கொடுத்துவிட்டது என்பதற்காக எந்தக் கல்லூரியும் நம் வசதிக்கு மணி அடிக்காது. காலையில் ஒரு கல்லூரி, மாலையில் ஒரு கல்லூரி என்பது சென்னை போன்ற நகரத்தில் வேண்டுமானால் நடக்கும். மரக்காணத்திலிருந்தும் சூணாம்பேட்டிலிருந்தும் பஸ் ஏறிப் போகும் பிள்ளைக்கு நடக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளி கொடுக்கும் அசல் மாற்றுச் சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான். இரண்டு கல்லூரியும் அதைக் கேட்டால் என்ன செய்வது? சேருவதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு உகந்தது நடு வழி: இசையை நேரில், வணிகத்தைத் தொலைநிலையில். இதைத் திருப்பிப் போடக் கூடாது. கணக்குப் பதிவியலையும் வணிகச் சட்டத்தையும் புத்தகம் வைத்துக்கொண்டு இரவில் படித்துவிடலாம். சந்தேகம் வந்தால் நம் கடையின் பேரேடே பாடப் புத்தகம். ஜி.எஸ்.டி. கணக்கு எழுத வரும் ஆடிட்டர் ஆபீஸ் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். சுருதி விலகுவதை எந்தப் புத்தகம் சொல்லும்? எதிரே ஆசிரியர் உட்கார்ந்து, "கொஞ்சம் ஏத்திப் பிடி" என்று சொன்னால்தான் காதுக்கு அது பிடிபடும். வயலினில் வில் பிடிக்கும் கையும் அப்படித்தான்.

நம் பகுதிக்கு எட்டும் இசைக் கல்வி எங்கெங்கே என்று பார்ப்போம். விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மாநிலக் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்றாண்டுப் பயிற்சி. 12 வயது முதல் 25 வயது வரை சேர்க்கிறார்கள். கட்டணம் மிகக் குறைவு. கிடைப்பது பட்டம் அல்ல, சான்றிதழ். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். அங்கே இசையில் பட்டப் படிப்பே உண்டு. புதுச்சேரி அரசைச் சேர்ந்தது என்பதால் நம் தமிழகப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பதை அந்தந்த ஆண்டு விசாரித்துக்கொள்ள வேண்டும். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. 2013இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இவை வருகின்றன.

இவை எல்லாவற்றையும்விட வியாபாரிகளாகிய நமக்கு நெருக்கமான இடம் சிதம்பரம். நம் ஊரிலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தெரியாதவர் இல்லை. அதை நிறுவியவர் ஒரு வியாபாரி என்பதும் தெரியும். ஆனால் அந்த வியாபாரி எதை எதை ஒரே வளாகத்தில் வைத்தார் என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்த்ததில்லை.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) வட்டித் தொழில், பேங்கித் தொழில் குடும்பத்தில் வந்தவர். பர்மா, இலங்கை வரை தொழில் நடந்தது. 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதே 1929இல் ஓர் இசைக் கல்லூரியையும் ஏற்படுத்தினார். 1932இல் அந்த இசைக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டது. டைகர் வரதாச்சாரியார் அங்கே முதல்வராக இருந்தார். பிற்காலத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் இசைத் துறைக்குத் தலைமை வகித்தார். சினிமாவில் நந்தனாராக நடித்தாரே, அவர்தான்.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டு என்றால் குருகுலவாசம். குருவின் வீட்டில் தண்ணீர் இறைத்து, துணி துவைத்து, அவர் மனம் வைக்கும்போது ஒரு கீர்த்தனை. அந்த வீட்டு வாசல் எல்லாருக்கும் திறப்பதில்லை. அட்டவணை போட்டு, மணி அடித்து, தேர்வு வைத்து, இன்ன ஆண்டில் இன்னது முடியும் என்று ஒரு கல்லூரி நடத்துவது அப்போது புதிது. இவ்வளவு நாளில் இவ்வளவு கைக்கு வரவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நம் கடை வழக்கம். அந்தக் கண்ணோட்டம் இசைக்குள் நுழைந்ததால் குரு வீட்டு வாசலில் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் இடம் கிடைத்தது என்பது என் எண்ணம். இப்படி வரிசை போட்டதில் ருசி குறைந்துவிட்டது என்று சொல்லும் ரசிகர்களும் உண்டு. அவர்களோடு வாதாட எனக்குப் பாட்டு ஞானம் போதாது.

அதே செட்டியார் 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்ற முன்னின்றார். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் மரியாதை வேண்டும் என்ற கிளர்ச்சிக்கு அவருடைய பணமும் செல்வாக்கும் முதுகெலும்பாக நின்றன. பாரிமுனையில் நாம் சரக்கு வாங்கப் போகும்போது கண்ணில் படும் ராஜா அண்ணாமலை மன்றம் அந்தச் சங்கத்தின் வீடு. இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால், அரசின் நிர்வாகத்தில் இருக்கிறது. இசைத் துறையும் வணிக மேலாண்மைத் துறையும் ஒரே மதிலுக்குள் இருப்பது மட்டும் மாறவில்லை.

இன்னொருவர் இருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). பள்ளி ஆசிரியராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுச் சித்த மருந்து செய்து விற்கத் தொடங்கினார். மருந்து நன்றாகப் போயிற்று. வெளியூர்களுக்கும் அனுப்பினார். தோட்டம் வைத்தார், அச்சுக்கூடம் வைத்தார். வந்த லாபத்தை என்ன செய்தார் தெரியுமா? 1912இல் ஒரு சங்கீத சங்கத்தை ஏற்படுத்தி, நாட்டிலுள்ள வித்துவான்களைத் தஞ்சாவூருக்கு அழைத்து, தம் சொந்தச் செலவில் மாநாடு மாநாடாக நடத்தினார். ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி என்பதுதான் விவாதம். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குத் தம் மகள்களை அழைத்துப் போய், தம் முறைப்படி பாடிக் காட்டச் செய்தார். 1917இல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட "கருணாமிர்த சாகரம்" என்ற நூலை வெளியிட்டார். அதைச் சொந்த அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டார் என்பதை நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். பட்டம் வாங்கிய மேலாண்மைக்காரர்கூட இவ்வளவு ஒழுங்காக முதலைத் திரட்டி, சரக்கைச் செய்து, தம் கையாலேயே சந்தைக்குக் கொண்டு வந்திருப்பாரா என்பது சந்தேகம்.

நம் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் சஞ்சய் சுப்ரமண்யன். சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் தேர்வு எழுதித் தேறியவர். சென்னை மியூசிக் அகாடமி 2015இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. தணிக்கைப் படிப்பு எப்படிப்பட்டது என்பது நம்மில் பலருக்கு ஆடிட்டர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துத் தெரியும். வெளிநாட்டிலோ இரண்டையும் ஒரே பாடமாகக் கலந்தே விட்டார்கள். அமெரிக்காவில் மியாமிப் பல்கலைக்கழகம் 1966இலேயே இசை வணிகம் என்று ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கியது.

சரி, இரண்டையும் படித்து வரும் பிள்ளை என்ன செய்யும்? நண்பர் கேட்ட உண்மையான கேள்வி இதுதான். பாட்டில் சோறு கிடைக்குமா என்பதை அவர் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டார்.

கல்யாணத்துக்கு வரும் நாதசுரக் குழுவை எடுத்துக்கொள்வோம். 40,000 ரூபாய் பேசி முடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பாடு செய்தவர் கமிஷன் 4,000, வேன் 5,000, வழிச் செலவு 1,000 போனால் மிச்சம் 30,000. முதல் நாதசுரம் 9,000, இரண்டாம் நாதசுரம் 7,000, முதல் தவில் 7,000, இரண்டாம் தவில் 5,000, தாளம் 2,000 என்று பிரித்தால் கை காலி. இதில் சீவாளி தேய்மானம் எங்கே? தவிலுக்குத் தோல் மாற்றும் செலவு எங்கே? ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களின் வீட்டுச் செலவு எங்கே? முதல் நாதசுரக்காரர் வருஷம் முழுக்க ஊதியும் கையில் ஒன்றும் தங்காததன் காரணம், வரவெல்லாம் வருமானம் என்று அவர் நினைப்பதுதான். மளிகைக் கடையில் கல்லாப் பணம் முழுவதும் லாபம் என்று நினைப்பவன் எத்தனை நாள் நிற்பான்? உப்பளத்தில் தை பிறந்து வெயில் ஏறினால்தான் உப்பு. ஐப்பசி மழை விழுந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர். விளைகிற மாதத்தில் விளையாத மாதத்துக்கு எடுத்துவைப்பது நமக்குப் பழக்கம். அதைத்தான் மேலாண்மைப் புத்தகத்தில் பெரிய பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். அது பாட்டுக்காரருக்கு நம்மைவிட அதிகமாகத் தேவை.

வரி விஷயமும் அப்படியே. கிராமிய இசையோ சாஸ்திரிய இசையோ நிகழ்த்தும் கலைஞருக்கு, ஒரு நிகழ்ச்சிக்கான ஊதியம் 1,50,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால், அந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கையால் செய்த நம் நாட்டு வாத்தியங்களுக்கும் வரிவிலக்கு இருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும், நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. வீணைக்குப் பலா மரம், நாதசுரத்துக்கு ஆச்சா மரம். மரம் வாங்குவது முதல் வாத்தியத்தைக் கடல் தாண்டி அனுப்புவது வரை அத்தனையும் வியாபாரம். செய்கிற கைக்கு விலை சொல்லத் தெரியாமல், இடையில் இருப்பவரே விலை சொல்லும் தொழில்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். வாத்தியத்தின் நாதத்தைக் காதால் எடை போடவும், அடக்க விலையைப் பேனாவால் எடை போடவும் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் நிலைமை வேறு.

காப்புரிமை என்று ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டம். பாடல் எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை அவர் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் நீடிக்கும். கல்யாண ஊர்வலத்திலும் மதச் சடங்கிலும் பாட்டுப் போட்டால் சட்டம் விலக்கு அளிக்கிறது. கடை திறப்பு விழாவில் ஒலிபெருக்கி வைத்துச் சினிமாப் பாட்டுப் போடுவது அந்த விலக்கில் வராது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதைப் படித்துவிட்டுச் சிலர் ரேடியோவை அணைத்துவிடப் போகிறார்கள்!

இனி ஓர் எச்சரிக்கை. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படிப்பு மையத்தில் தொலைநிலை நிர்வாகப் பட்டத்துக்குச் சேர்ந்தான். போர்டு பெரிதாக இருந்தது. மூன்று தவணையாகக் கட்டணம் கட்டினான். சான்றிதழும் வந்தது. வேலைக்குப் போன இடத்தில் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதியே இல்லையாம். பணம் போனதைவிட மூன்று வருஷம் போனதுதான் அவனை முடக்கிப்போட்டது. ஆகவே பணம் கட்டுமுன் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பின் பெயரும், சேரும் ஆண்டும் இருக்க வேண்டும். சரக்கு வாங்கும்போது கம்பெனி பெயரோடு பேட்ச் நம்பரும் தேதியும் பார்க்கிறோமே, அதுபோல. நேரில் போய்ப் படிக்கும் பி.பி.ஏ. என்றால், 2024–25 கல்வி ஆண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நம் மாநில அரசின் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் நடக்கிறது. அங்கே விசாரித்துத் தொடங்குவது நல்லது.

நேரத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுங்கள். பாட்டுக்கு விடியற்காலைச் சாதகம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கல்லூரிக்குப் போய்வரும் பஸ் நேரம் வேறு. மிஞ்சும் இரவு இரண்டு மணி நேரம்தான் வணிகப் படிப்புக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, "ரெண்டும் படிக்கறதா சொன்னியே" என்று பிறகு கேட்கக் கூடாது. நான் இதைச் சொல்லக் காரணம் உண்டு. சின்ன வயதில் கோயில் வித்துவானிடம் இரண்டு வருஷம் மிருதங்கம் கற்றேன். ஆதி தாளத்தில் ஒரு சின்ன மோராவரை வந்தேன். அப்பா தடுக்கவில்லை. கடை சாத்தும் நேரத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டார். பாடம் தானாக நின்றுபோயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேர வியாபாரம்தான் என் தங்கையின் கல்யாணத்துக்கு உதவியது. ஆனாலும் பூமீசுவரர் கோயிலில் தவில் கேட்டால் இன்றும் என் விரல் தொடையில் எண்ணிக்கொண்டே இருக்கும்.

கோயில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை ஒரு பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் வழி அனுப்புகிறது. அந்த வழியில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். அதே நூலில் கொற்கையைச் சொல்லும் இடத்தில், வண்டி கட்டிப் போகும் உப்பு வணிகராகிய உமணர்கள் வருகிறார்கள். அவர்களோடு வந்த குரங்கு குழந்தைகளோடு விளையாடுவதுகூட வருகிறது. அந்தக் காலத்து ரோட்டில் யாழ்க்காரனும் உப்பு வண்டிக்காரனும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒருவர் வீட்டுப் பிள்ளை மற்றவர் தொழிலையும் படிக்கலாம் என்பது மட்டும் 2022 வரை காத்திருந்தது!

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் பெண்ணை அழைத்துக்கொண்டு முதலில் அரியாங்குப்பத்துக்கும், இடம் இல்லையென்றால் சிதம்பரத்துக்கும் போவதாகச் சொல்லியிருக்கிறார். வணிகப் படிப்பைத் திறந்தநிலையில் சேர்க்கலாம் என்று பெண்ணும் சம்மதித்துவிட்டாளாம், ஒரு நிபந்தனையோடு: காலை ஏழு மணிக்கு முன் கடையிலிருந்து அவளை யாரும் கூப்பிடக் கூடாது. நண்பர் அதற்கு இன்னும் சரி சொல்லவில்லை. பால் பாக்கெட் வண்டி ஐந்தரைக்கு வருகிறதே, அதை யார் இறக்குவது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.